பினாங்கிலிருந்து எட்டு மிஸ்டு கால்

விருதுநகர் எண்ணெய் மில் முதலாளி சங்கரபாண்டியனுக்குச் சர்க்கரை வியாதி. அவர் பினாங்குக்குக் கிளம்பியபோது சமையல்காரன் இருளாண்டியையும் கூடவே அனுப்பினாள் மனைவி பொன்னுத்தாய். "இவர் இனிப்பைத் தொட்டா எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

விமானத்தில் உட்கார்ந்ததும் முதலாளி விரலை ஆட்டினார். "தினமும் நான் சௌக்கியம்னு வீட்டுக்குத் தகவல் போகணும். வெளிநாட்டுல போன் பேசினா கொள்ளைக் காசு. கால் காசு செலவாகக் கூடாது. இனிப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, உன்னை அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்!"

"சரிங்க முதலாளி."

பினாங்கில் இறங்கிய அன்றே முதலாளி ரெண்டு ஜாங்கிரியை உள்ளே தள்ளினார். இருளாண்டி அவர் போனை வாங்கி வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னும் ஒன்று.

"எதுக்குடா மூணு?"

"எடுக்காத காலுக்குக் காசே கிடையாதுங்க."

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! இன்னும் அஞ்சு குடு!"

கொடுத்தான்.

திரும்பி வந்தபோது மதுரை விமான நிலையத்திலேயே பாகற்காய்ச் சாறோடு நின்றாள் பொன்னுத்தாய். "முதல் மிஸ்டு கால் சௌக்கியம். அதுக்கு மேல ஒவ்வொண்ணும் ஒரு இனிப்பு. அப்படித்தான் எனக்கும் இருளாண்டிக்கும் பேச்சு. ஒரே நாள்ல ஏழா தின்னீங்க?"

"ஐயோ, ரெண்டே ரெண்டு ஜாங்கிரிதான் தின்னேன்!" என்று அலறிவிட்டு, அப்புறம்தான் வாயைப் பொத்தினார் முதலாளி. இருளாண்டியை முறைத்தார்.

"நான் ஒரு வார்த்தை பேசலைங்க" என்றான் அவன். "மிச்ச அஞ்சும் நீங்க குடுக்கச் சொன்னது."