ஊமை சொன்ன மடார்

ஒரு ஊர்ல ஒரு வாயாடிப் பொண்ணு இருந்தாளாம். பேரு ராத்கா. 'ம்' கொட்டணும், சரியா? நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ம்.

பனி கொட்டுற தேசம் அது. ஆறே உறைஞ்சு தரையாட்டம் கிடக்கும், மேல நடந்தே போவாங்க. ராத்காகிட்ட இருந்தது ஒரே ஒரு சினை ஆடு. வீட்டுல வைக்கோல் தீர்ந்துபோச்சு. அக்கரையில அக்கா வீட்டுல நிறைய இருக்கு. இன்னைக்கே ஆட்டை அங்கே கொண்டுபோகலைன்னா ஆடும் போச்சு, வயித்துக் குட்டியும் போச்சு. அப்புறம், ஆட்டுகிட்ட வளவளன்னு பேசிக்கிட்டே ஆத்தங்கரைக்கு வந்தா.

அங்கே ஒரு ஜெர்மன்காரன். முழங்கால் வரைக்கும் சொட்டச்சொட்ட நனைஞ்சிருக்கான். "பனி உடையுது, போகாதே"ன்னு அவன் பாஷையில சொன்னான். இவளுக்குக் கசமுசன்னுதான் கேட்டுது.

"ஐயோ பாவம், நேம்"னா ராத்கா. நேம்னா ராத்காவோட பாஷையில ஊமை. தொண்டை கிழியக் கத்துறவன் ஊமையாம், கேட்டியா கதைய?

ம்.

அப்புறம் அவன் இன்னும் சத்தமா சொன்னான். ஊமைக்குக் காதும் கேக்காதேன்னு, இவ அவனுக்கு மேல கத்தி, அக்கா வீட்டுக்குப் போறேன்னு விளக்கிட்டு ஆத்துல ஒரு கால வெச்சுட்டா.

மூணாவது தடவை அவன் பேசவே இல்ல. வாயாலயே "பட்... படபட... மடார்"னு சத்தம் போட்டு, பொதக்குன்னு பனியில விழுந்து காட்டினான். முதல்ல புரிஞ்சது ஆட்டுக்குத்தான். வெடுக்குன்னு பின்னால இழுத்துது. அப்போ ராத்காவோட காலடியில பனி 'கிறீச்'னுது, கரைக்குத் தாவிட்டா. மடார் எல்லா ஊர்லயும் மடார்தானே.

ம்...

ஆட்டைக் கட்டிக்கிட்டு அழுதா. அவனுக்கு நன்றி சொல்லணும், அவன் பாஷையில ஒரு சொல்கூடத் தெரியல. அந்த வாயாடிக்கு அன்னைக்குத்தான் வாயடைச்சுப்போச்சு. அப்புறம் அவன், ஆத்தோட மேல் வளைவுல பனி கெட்டியா இருந்த இடத்தைக் காட்டினான். ஆடு அக்கரை சேர்ந்து ரெண்டு குட்டி போட்டுது.

ஊர்ல ராத்கா, "நேமெத்ஸ் ஒருத்தன் காப்பாத்தினான்"னு சொல்லிச் சொல்லி மாளல. நேமெத்ஸ்னா ஊமைக்காரன். ரஷ்யா, செக், செர்பியான்னு அந்தப் பக்கமெல்லாம் இன்னைக்கும் ஜெர்மன்காரங்களுக்குக் கிட்டத்தட்ட அதே பேருதான்.

அந்த ஜெர்மன்காரன் அவன் ஊர்ல என்ன சொன்னான் தெரியுமா? "ஒரு பொண்ணைப் பார்த்தேன். நல்ல பொண்ணு. பாவம், ஊமை."

...ம் எங்கே? சரிதான், நீயும் நேமெத்ஸ் ஆயிட்ட. கதை கரையேறிடுச்சு, தூங்கு.