முப்பது பக்க அழுக்கு

“எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கம்மா. வெளியே வண்டி நிக்குது.”

செக்கு ஆட்டும் நல்லப்பன் மடத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை. கையில் மடத்தின் பழைய குரு, காலமான அருவனார் எழுதிய புத்தகம். எழுநூறு பக்கம். செங்கல் கனம்.

போன தை மாதம் அவர் மகள் பவளம் காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயசு. ஏன் போனாள் என்று ஊரெல்லாம் கேட்டார். எல்லோரும் வானத்தைக் காட்டினார்கள். ஒருத்தர் மட்டும் மடத்தைக் காட்டி, “அருவனார் புத்தகத்தில் பதில் இருக்கு” என்றார்.

இருக்கலாம். படித்தால்தானே தெரியும்? இரண்டு தடவை வாங்கிப் போனார். இரண்டு தடவையும் முப்பதாம் பக்கத்தில் தூங்கிவிட்டார்.

இன்றைக்கும் வழி தெரியவில்லை என்றால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது, இனி இந்தப் பக்கமே வருவதில்லை. அப்படி ஒரு முடிவு.

மடத்துத் தலைவி மாதேவி அவரைவிடப் பத்து வயசு சின்னவர். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

“முதல் பக்கத்திலிருந்துதானே படிச்சீங்க?”

“பின்னே, கடைசியிலிருந்தா படிப்பாங்க?”

“புத்தகத்தை மூடுங்க. பக்கவாட்டில் பாருங்க.”

பார்த்தார். முதல் முப்பது பக்கத்தின் ஓரம் கன்னங்கரேல் என்று இருந்தது. எத்தனை பேர் கை அழுக்கோ! அவருடைய எண்ணெய்க் கறையும் அதில்தான். அதற்கப்புறம் எல்லாம் வெள்ளை வெளேர்.

“அப்ப எல்லாருமே தூங்கினவங்கதானா?”

“மடம் கட்டின நாளிலிருந்து.”

உண்மையைச் சொன்னால், நல்லப்பனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“வெள்ளையில் எங்கேயாவது பிரிங்க. படிங்க.”

“‘உள்ளது என்பது இல்லாததின் ஓரம்.’”

“புரியுதா?”

“ஒரு எழவும் புரியல.”

“தள்ளுங்க.”

“‘காலம் நடப்பதில்லை. நடப்பவன் அதைக் காலம் என்கிறான்.’”

“இது?”

“யாருக்கு வேணும் இது?”

“தள்ளுங்க.”

“‘துக்கம் ஒரு கெட்ட பழக்கம். நினைத்தால் விட்டுவிடலாம்.’”

நல்லப்பனின் காது சிவந்துவிட்டது.

“பழக்கமா? வெத்தலை போடுற மாதிரியா? யாருய்யா இவன்! பெத்த பிள்ளையைத் தூக்கிக் குழியில வச்சிருக்கானா இவன்? வச்சவன் இப்படி எழுதுவானா?”

“என்னை ஏன் கேக்கறீங்க? அவரைக் கேளுங்க.”

“செத்தவனை எப்படிம்மா கேக்கறது?”

மாதேவி எழுந்தார். முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நல்லப்பன் கோபத்தில் தாளைப் புரட்டினார். கிழியாதது ஆச்சரியம்.

அடுத்த பக்கத்தின் முதல் வரி:

‘என் மகனைப் புதைத்துவிட்டு வந்த அன்று அப்படி எழுதினேன். அது பொய். ஏன் பொய் என்று இனிச் சொல்கிறேன்.’

இரண்டாவது தடவையும் அதைப் படித்தார். பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். வெள்ளைத் தாளில் அவர் கட்டைவிரல் எண்ணெய் மெல்ல ஊறியது.

வாசலிலிருந்து வண்டிக்காரன் கத்தினான். “அண்ணே! வர்றீங்களா, கிளப்பட்டுமா?”

“நீ போப்பா.” நல்லப்பன் தலை நிமிரவில்லை. “நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்.”