துடைக்காத பந்து

சூதாட்டக்காரர்கள் கெடுத்த கிரிக்கெட் கோப்பையின் சாமான்களை யாராவது சேர்த்து வைப்பார்களா? திருமேனி சேர்த்தார். இறுதியாட்டத்தில் உடைந்த ஸ்டம்ப், கிழிந்த கையுறை, எல்லாவற்றிலும் ஆடியவர்களின் கையெழுத்து. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். முன்பு ஞாயிறுதோறும் பார்க்க ஆள் வரும். அந்த வட்டாரக் கோப்பையே செல்லாது என்று அறிவித்த பிறகு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்த அறையின் ராஜா ஒரு வெள்ளைப் பந்து. கடைசி ஓவரில் ஐந்தாவது பந்து பக்கத்துக் குளத்தில் போய் விழுந்ததால், நடுவர் டப்பாவைப் பிரித்துப் புதுப் பந்தைப் பந்துவீச்சாளன் செல்வின் கையில் கொடுத்தார். அவன் போட்டான், சிக்ஸர் போனது, ஆட்டம் முடிந்தது. பந்து, எல்லைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த திருமேனியின் வேட்டி மடியில் வந்து விழுந்தது. இனி ஆட்டமில்லை என்பதால் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த செல்வினிடம் அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டார்.

செம்மண் ஆடுகளம் ஈரமாயிருந்தது. மறுபடி தூறவே, படம்பிடித்தவர்கள் கடைசிப் பந்துக்கு முன்பே மூட்டை கட்டியிருந்தார்கள். செல்வின் காசு வாங்கிக்கொண்டு, தரையில் படாத ஃபுல்டாஸை வேண்டுமென்றே போட்டான் என்று விசாரணையில் முடிவானது. ஆயுள் தடை.

ஆண்டுதோறும் இறுதியாட்டம் நடந்த தேதியில் அவன் ஒருவன் மட்டும் வருவான்.

"நான் தரையில குத்தித்தான் போட்டேன் அண்ணாச்சி. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். பந்துல என் பேரையாவது அழிச்சிருங்க."

"ஆட்டத்துல பட்ட எதையும் நான் துடைக்கதில்லடே," என்பார் திருமேனி.

காபி கொடுப்பார். அரைமணி நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிப் பெட்டியில், மட்டையின் தடம் பதிந்த பக்கம்தான் எப்போதும் வெளியே தெரியும்.

ஆறாம் ஆண்டு செல்வின், "இனி வரமாட்டேன் அண்ணாச்சி. ஊரைவிட்டே போறேன்," என்றான். திருமேனி எழுந்து சாவியை எடுத்தார். பிறகு முதல்முறையாகப் பெட்டியைத் திறந்து, பந்தை அவன் கையில் வைத்தார். மறுபக்கத்தில், தையலோரம், கட்டைவிரல் அகலத்துக்குச் செம்மண் கறை. அவன் கையெழுத்தில் பாதி அந்தக் கறையின் மேல் ஓடியிருந்தது.

செல்வின் போட்டது ஃபுல்டாஸா, இல்லையா? ஆறு ஆண்டுகள் திருமேனி ஏன் வாய் திறக்கவில்லை? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: ஒரே ஒரு முறை வீசப்பட்ட பந்து, அடித்ததும் மடியில் விழுந்தது. தரையில் குத்தாமல் மண் எங்கிருந்து ஒட்டும்? கறையின் மேல் கையெழுத்து இருப்பதால் பிறகு யாரும் பூசியதும் அல்ல. தடை வந்த அன்றே திருமேனிக்கு இது தெரியும். சொல்லியிருந்தால் செல்வின் ஆடப் போயிருப்பான். அவர் கதவைத் தட்ட ஆளிருந்திருக்காது. எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனாலும் வாய்விட்டுத் திட்ட மனம் வரவில்லை. பந்தைக் காட்டித் தடையை நீக்க வைத்தான் செல்வின். அடுத்த ஆண்டு அதே தேதியில் திருமேனி காலையிலேயே கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். செல்வினுக்கு அன்று ஆட்டம் இருந்தது.