வடக்குச் சந்தில் எது வளரும்?

"எங்க வீட்டு வடக்குச் சந்துல எது வச்சாலும் பட்டுப்போகுது, சாமி."

தைலம்மை ஆச்சிக்கு வயது அறுபத்தைந்து. அவர் சாமி என்று கும்பிட்டது மலையடிவார ஆசிரமத்துத் துறவிப் பெண்ணை. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கையெல்லாம் மண்ணாக, பாத்தி கொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன வச்சீங்க?"

"மல்லிகை. செம்பருத்தி. ரோஜா. குளிச்சு, விளக்கேத்தி, பகவான் பேரைச் சொல்லித்தான் நட்டேன். நர்சரிக்காரர் இப்ப என்னைக் கண்டாலே சிரிக்கிறார். என் கையில ஏதும் தோஷமா, சாமி?"

"அங்க வெயில் விழுமா?"

"விழாது."

"மழை?"

"மேலே சன்ஷேட். ஒரு சொட்டு இறங்காது."

"அங்க போய் ரோஜாவா, ஆச்சி?"

ஆச்சி முந்தானையை முறுக்கினார்.

"பொங்கலுக்கு மகன் பேத்தியைக் கூட்டிட்டு வர்றான். நாலு வருஷம் கழிச்சு. அந்த இடம் வெறிச்சுன்னு கிடக்கு. பார்த்தா என்னவோபோல இருக்கு."

"மருமகள்?"

"உமையாள் வர்றாளான்னு அவன் சொல்லலை. நானும் கேக்கலை."

சாமி கொத்துவதை நிறுத்தவில்லை.

"முன்னாடி அங்க எதுவுமே வளரலையா?"

"இல்லை."

சொல்லிவிட்டு ஆச்சி பாத்தியோரம் உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வளர்ந்தது. மாதவிலக்கு மூணு நாளும் உமையாளை அந்தச் சந்துலதான் உட்கார வச்சேன். எங்க வீட்டு வழக்கம். அந்த நாள்ல பொம்பளை தொட்டா செடி கருகிடும்னு துளசிகிட்டகூட விட மாட்டேன். அவ எங்கிருந்தோ ஒரு கற்பூரவல்லிக் குச்சியைக் கொண்டாந்து அங்க ஊனிட்டா. டம்ளர் கழுவுற தண்ணிதான் அதுக்கு. புதராப் போச்சு."

"இப்ப எங்க அது?"

"பேத்திக்கு நெஞ்சு நிறைய சளி. உமையாள் இலையைக் கசக்கிச் சாறு எடுத்தா. தீட்டுக் கையால வளர்ந்ததைப் பிள்ளைக்குக் குடுப்பியான்னு தட்டிவிட்டேன். செடியையும் வேரோட பிடுங்கிப் போட்டேன்."

"அப்புறம்?"

"அந்த மாசமே மூணு பேரும் கோயம்புத்தூர் போயிட்டாங்க."

"அதையே திரும்ப வச்சிருக்கலாமே?"

"மூணு தடவை நர்சரியில பார்த்தேன், சாமி. கேக்க வாய் வரலை."

சாமி எழுந்தார். மதிலோரம் நிழலில் கற்பூரவல்லி மண்டிக் கிடந்தது. ஒரு குச்சியை ஒடித்து நீட்டினார்.

ஆச்சி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பிரசாதம்னு எடுத்துக்கறேன்."

"இன்னிக்கு எனக்கு விலக்கு, ஆச்சி. ரெண்டாம் நாள்."

ஆச்சி குச்சியைப் பார்த்தார். சாமியின் மண் கையைப் பார்த்தார். பாத்திகளில் கீரை பச்சைப்பசேலென்று நின்றது.

குச்சியைக் கீழே போடவில்லை. அதன் மேல் கண்ணீர் விழுந்தது.

"இதை என்னிக்கு நடட்டும், சாமி?"

"உமையாளைக் கேளுங்க."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்துக் கொடுத்தார்.

ஆச்சி வாங்கினார். அவர் விரல் எண்களின் மேல் அப்படியே நின்றது.

"அவ நம்பர் எனக்குத் தெரியாதே, சாமி."