ஆமை முதுகில் எழுதிய சட்டம்

அந்தக் காலத்தில், விலங்குகள் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டிலேயே வேகமாக ஓடியது யார் தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். ஆமைதான்! அதன் முதுகும் இப்போது போல இல்லை. பிசைந்த களிமண்ணாக மெத்தென்று இருக்கும்.

வல்லி என்ற ஆமையின் முதுகில்தான் காட்டின் சட்டம் எழுதியிருந்தது. 'தண்ணீர் குடிக்க வந்தவரை யாரும் தொடக்கூடாது' என்பது முதல் வரி. கோடையில் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான் என்பதால், யானை முதல் எறும்பு வரை கூடிப் பேசி எழுதிய வரி அது. அதை மாற்றுவதும் சுலபம். வல்லி வீடுவீடாக ஓடிக் கேட்பாள். பாதிப் பேர் தலையாட்டினால் போதும், யாராவது ஒருவர் நகத்தால் கீறிவிடலாம். தன் வேகத்தில் வல்லிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு கோடையில் குளக்கரையில் மான்குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. பக்கத்தில் செம்பி என்ற நரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "என் பிள்ளையைக் கொன்னுட்டாளே!" என்று தாய்மான் அலறியது. காடே கொதித்தது.

"இனி நரிக்குத் தண்ணி கிடையாதுன்னு மாத்து. ஓடு வல்லி, ஓடு!" என்றது புலி.

வல்லி ஓடினாள். உச்சிவெயிலுக்குள் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். புலியே கீறியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அன்று காடு முழுக்க ஆத்திரக்காரர்கள்தான்.

மறுநாள்தான் தாய்மான் குட்டியின் காலைப் பார்த்தது. பாம்பின் பல் பதிந்திருந்தது. வல்லி திரும்ப ஓடி, எல்லோரையும் கேட்டு, பழைய வரியை எழுதவைத்து, செம்பியின் குகைக்குப் பறந்தாள். அதற்குள் செம்பியின் கடைக்குட்டி தாகத்தில் நாக்கு வறண்டு செத்துப்போயிருந்தது.

இப்போது நரிகள் கொதித்தன. "பழி போட்ட மானுக்குக் குளத்துல காவல் எதுக்கு? அதை எடுத்துடு!" என்றாள் செம்பி. புலி உதட்டை நக்கிக்கொண்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிற பேர்வழி அது. "நியாயம்தானே! ஓடு வல்லி!"

வல்லி இந்த முறை ஓடவில்லை. தன் கால்களைப் பார்த்தாள். ஒரு பிள்ளையைக் கொன்றது இந்தக் கால்களின் வேகம்தான் என்று நினைத்தாள்.

மலையடிவாரத்தில் மூங்கில்கள் உரசிப் பற்றிய தீ கனன்றுகொண்டிருந்தது. வல்லி நேராக அங்கே போய்க் கனலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். சதை துடித்தது, கண்ணீர் கொட்டியது. ஆனாலும் எழவில்லை. சூளையில் வெந்த பானையாக முதுகு இறுகிய பிறகுதான் எழுந்தாள். பாரம் தாங்காமல் கால்கள் வளைந்தன.

"என்ன காரியம் பண்ணிட்டே அக்கா!" என்று பதறினாள் செம்பி. "அப்போ நான் கேட்டது?"

"கேட்டதை இல்லேன்னு சொல்லலை தாயி. எல்லார் வீட்டுக்கும் வருவேன், நடந்து வருவேன். இனி ஒத்தை நகம் கீறினா இதுல பதியாது. ஒவ்வொரு இனமும் வந்து கீறணும். மானும் வரணும்."

வல்லி நடந்தாள். கோடை போனது, மழை வந்தது. கடைசியாகச் செம்பியின் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

செம்பி வல்லியின் வளைந்த கால்களைப் பார்த்தாள். பிறகு, "வேண்டாம் அக்கா. அந்த மானும் பிள்ளையைப் பறிகொடுத்தவதான்" என்றாள்.

அதற்காகச் சட்டம் மாறவே இல்லை என்று நினைக்காதீர்கள். வடக்கிலிருந்து வந்த நாரைகள் குளத்தில் இடம் கேட்டபோது வல்லி மறுபடி நடந்தாள். ஓர் ஆண்டு ஆனது. ஆனால் நகமும் அலகும் கொம்புமாக எல்லோரும் வந்து கீறினார்கள். அந்த வரி இன்றுவரை அழியவில்லை. அவசரக்காரர்கள்தான் கடுப்பில், 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று கிளப்பிவிட்டார்கள்!

பின்னொரு கோடையில் கிழட்டுப் புலி, பல் விழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு குளத்துக்கு வந்தது. கரையெங்கும் வாலிப நரிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. புலி தூரத்திலேயே நின்றுவிட்டது.

"வல்லி... என்னைத் தொடக்கூடாதுன்னு ஏதாவது வரி இருக்கா?"

"முதல் வரியே அதுதான் ஐயா. அன்னைக்கு நீங்க அழிக்கப் பார்த்தீங்களே, அதேதான். பயப்படாம குடிங்க."

நரிகள் விலகி வழிவிட்டன. புலி தலை குனிந்து குடித்தது.

வல்லி கனலில் படுத்த அன்று முதல்தான் ஆமையின் ஓடு கல்லாகவும் நடை மெதுவாகவும் இருக்கின்றன. அதன் முதுகில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது எல்லா இனமும் சேர்ந்து கீறியது. எத்தனை பெரிய புலியின் நகமாக இருந்தாலும், தனியாக வந்து கீறினால் அதில் ஒரு கோடுகூட விழாது.