சொல்லக் கூடாத வார்த்தை

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் எஸ்தர் வகுப்பு நடத்தினாள். நிறைமாதப் பெண்களுக்கு மூச்சைப் பழக்குவாள். குரலாலேயே உடம்பைத் தளர்த்தி, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவாள். ஹிப்னாடிசம் என்று போர்டில் போட்டிருந்தது. ஊருக்குள் அவளுக்கு ‘மயக்குற டீச்சர்’ என்றே பேர்.

அவளுக்கு ஒரு சிஷ்யை வாய்த்தாள். பேர் சண்முகவடிவு. குருவுக்கு வயது முப்பத்தாறு, சிஷ்யைக்கு ஐம்பதுக்கு மேல். பெண்கள் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள். சொந்த மகள் பிரசவ அறையில் போட்ட சத்தத்தை வெளியே நின்று கேட்டவள். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாமல்தான் எஸ்தரைத் தேடி வந்தாள்.

முதல் நாளே எஸ்தர் சொன்னாள்: “பிரசவ அறையில ‘வலி’ங்கிற வார்த்தை நம்ம வாயில வரவே கூடாதுக்கா. மயக்க நிலையில இருக்கிறவகிட்ட நாம அதைச் சொன்னா, உடம்பு அப்படியே இறுகிப்போகும். அலைன்னு சொல்லுங்க. வருது, போகுதுன்னு சொல்லுங்க.”

வடிவு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கணக்கு டீச்சரல்லவா, விதி என்று ஒன்று கிடைத்துவிட்டால் போதாதா!

சாயங்காலங்களில் எஸ்தர் வீட்டுக்குப் போன பிறகு, கூடுதல் பயிற்சி வேண்டும் என்கிற பெண்களுக்கு வடிவு தனியாக வகுப்பு எடுத்தாள். அங்கே யாராவது “டீச்சர், இடுப்பு வலிக்கு” என்று வாயெடுத்தால் போதும், வடிவின் ஆள்காட்டி விரல் மேலே போகும்.

“என்ன சொல்லணும்?”

“அலை டீச்சர்.”

“ம். மறுபடி சொல்லு.”

அந்த விரலுக்கு அதிகம் பயந்தவள் இசக்கியம்மாள். எட்டாம் வகுப்பில் வடிவிடம் கணக்குப் படித்தவள். கல்யாணமாகி ஏழு வருசம் கழித்து உண்டாகியிருந்தாள். நடுவில் இரண்டு கலைந்துபோயின. “இதுவாவது கைக்கு வரணும் டீச்சர்” என்று மட்டும் அடிக்கடி சொல்வாள். வடிவுக்கு அவள்மேல் உசிர். அவள் பிரசவத்தைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எஸ்தரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தனியாகப் போகும் முதல் பிரசவம்.

அன்றைக்குத்தான் வடிவு கேட்டாள்: “டீச்சர், ஒரு பொண்ணு முழுசா நம்ம குரலுக்குக் கட்டுப்பட்டுட்டாள்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

எஸ்தர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்படி உங்களுக்குத் தோணுற அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்கக்கா.”

வடிவு அதைப் பாராட்டு வாங்கப் போகும் நாளாகவே மனசில் குறித்துக்கொண்டாள்.

இசக்கிக்கு வலி கண்ட நாள் ஒரு திங்கட்கிழமை. காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் கிடந்தன. அவள் புருசன் முருகையா வராந்தாவில் நின்றுகொண்டு, யார் வெளியே வந்தாலும் முகத்தையே பார்த்தான். நர்ஸ் வந்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். பிள்ளையின் துடிப்பு ஜோராக இருந்தது. “நேரம் கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே இன்னொருத்திக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வடிவு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். கண் மூடு. தாடையை விடு. தோளை விடு. கையைத் திற. இசக்கி ஒவ்வொன்றாக விட்டாள். அலை வந்தது, போனது. வந்தது, போனது. வடிவுக்கே கண் செருகியது.

மத்தியானம் ஆகும்போது இசக்கி சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

“டீச்சர், வலிக்கு.”

விரல் மேலே போனது. கோபத்தில் இல்லை, பழக்கத்தில்.

“என்ன சொல்லணும்?”

இசக்கி எச்சிலை விழுங்கினாள். “அலை டீச்சர்.”

“நல்ல பிள்ளை. மூச்சை விடு.”

விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: “அலை போக மாட்டேங்கு டீச்சர்.”

“போகும். நீ இறுக்கிப் பிடிக்கிறே, அதான் நிக்குது. பிடிய விடு. நான் எண்ணுதேன், நீ இறங்கு. பத்து... ஒம்பது...”

அதற்குப் பிறகு இசக்கி வாயைத் திறக்கவில்லை. தாடை தளர்ந்து கிடந்தது. தோள் இறங்கியிருந்தது. உள்ளங்கை இரண்டும் மல்லாந்து விரிந்திருந்தன. எஸ்தர் சொல்லிக்கொடுத்த அடையாளம் எல்லாம் ஒன்று விடாமல் முகத்திலும் கையிலும் இருந்தது. நெற்றியில் மட்டும் வேர்வை. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று வடிவு நினைத்தாள்.

வராந்தாவுக்கு வந்து முருகையாவிடம், “தூங்குற மாதிரி கிடக்கா. கவலையே படாதீங்க” என்றாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். வடிவுக்குப் பெருமை பிடிபடவில்லை. போனை எடுத்து எஸ்தருக்குப் போட்டாள்.

“டீச்சர், கட்டுப்பட்டுட்டா. முழுசா. வந்து பாருங்க.”

“என்ன சொல்லுதா?”

“ஒண்ணுமே சொல்லலை. ரொம்ப நேரமா வாயே திறக்கலை. அவ்வளவு அமைதி!”

“நர்ஸ உடனே கூட்டிட்டு வாங்க. இந்தா வாரேன்” என்றது குரல். இப்போது எதற்கு நர்ஸ் என்று வடிவுக்குப் புரியவில்லை. பக்கத்து அறையில் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் இரண்டு கையிலும் ரத்தமும் பிள்ளையுமாக நின்றாள். “தோ வந்துட்டேம்மா” என்றாள். வடிவு திரும்பிவிட்டாள். அமைதியாகக் கிடக்கிறவளுக்கு என்ன அவசரம்?

எஸ்தர் ஸ்கூட்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் இசக்கியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள்.

கால்விரல் பத்தும் உள்ளே மடங்கி, படுக்கை விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. நகமெல்லாம் வெளுத்திருந்தது.



எஸ்தர் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே காத்திருந்தாள். அலை என்றால் ஏறும், இறங்கும். இது இறங்கவில்லை. பலகை மாதிரி அப்படியே நின்றது.

எஸ்தர் குனிந்தாள்.

“இசக்கி, எங்க வலிக்கு?”

அந்த வார்த்தையைக் கேட்டதும் வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருவே சொல்லிவிட்டாளே!

இசக்கி கண்ணைத் திறந்தாள். தலையைத் திருப்பி வடிவின் வலது கையைப் பார்த்தாள். விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

“அங்க பாக்காத. என்னப் பாரு. எங்க வலிக்கு?”

“இங்க டீச்சர்.” அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. “காலைல விட்டு விட்டு வந்துச்சு. அப்புறம் விடவே இல்ல. ஒரே பிடியா பிடிச்சிருக்கு. உசிரு போகுது டீச்சர்!”

“சிஸ்டர்!” எஸ்தர் போட்ட சத்தத்தில் வராந்தாவே எழுந்து நின்றது. “டாக்டரக் கூப்பிடுங்க! வயிறு விடவே இல்லை!”

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். நர்ஸ் கருவியை வைத்தாள். காலையில் குதிரையாக ஓடிய துடிப்பு இப்போது நின்று நின்று வந்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது. பிள்ளை வெளியே வருமுன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, உள்ளே ரத்தம் கட்டுகிறது, உடனே தியேட்டருக்குக் கொண்டு போங்கள் என்றாள். யாரோ இசக்கியின் கை வளையல்களை உருவி வடிவின் கையில் திணித்தார்கள். சக்கரக் கட்டில் வேகமாகப் போனது. கூடவே எஸ்தர் நடந்தாள்.

“வலிக்குதா? வலிக்கும். கத்தணும்னா கத்திக்கோ. கத்தி முடிச்சிட்டு மூச்சை விடு. நான் இங்கதான் இருக்கேன்.”

இசக்கி கத்தினாள். மகளின் சத்தத்துக்கும் இதற்கும் வடிவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கத்தி ஓய்ந்த பிறகு நீளமாக ஒரு மூச்சு வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

முருகையா வந்து நின்றான். “தூங்குறாள்னு சொன்னீங்களே டீச்சர்?”

வடிவு வளையல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற தாயைப் போலக் கூட இருக்கிறோம் என்று நினைத்தோமே, எமனாக அல்லவா உட்கார்ந்திருந்தோம் என்று அவள் மனசு அவளைக் கிழித்தது. கும்பிடாத சாமி இல்லை. இரண்டு உசிர். ஒன்று போனாலும் இந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது? கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாள் அவள் ஆசைப்பட்ட அமைதிதான். இப்போது அதைத் தாங்க முடியவில்லை.

கடைசியில் கேட்டது. மெலிசாக, கோபமாக, ஒரு பிள்ளை அழுகிற சத்தம். முருகையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். இசக்கிக்கு ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம்தான் அவளைப் பார்க்க விட்டார்கள்.

வடிவு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வளையல்களைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இசக்கி கண்ணைத் திறந்து பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர்,” என்றாள். “எஸ்தர் டீச்சர் கேட்டதாலதான் அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன்.”

வடிவு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். வடிவு பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

எஸ்தர் வடிவின் வலது கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்தக் கையை விடாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“நம்ம வாயில வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். அவ வாயை அடைக்கச் சொல்லலியேக்கா.”