முதல் வரிசையில் ஒரு படம்

திருச்சியில் பொற்கொடி என்றொருத்தி இருந்தாள். ஐயரும் ஓமமும் வேண்டாம், எங்களுக்கென்று ஒரு சடங்கு வேண்டும் என்று வருகிற ஜோடிகளுக்குத் திருமணத்தை வடிவமைத்து, தானே மேடையேறி நடத்தியும் வைப்பாள். மணமக்களிடம் தனித்தனியே பேசுவாள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுவாள்.

அவளிடம் சிபியும் தர்ஷினியும் வந்தார்கள். எட்டு வயதில் இழந்த அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு முதல் வரிசை நாற்காலியில் வைக்க வேண்டும் என்றான் சிபி. தர்ஷினி தனியே வந்தபோது கண் கலங்கினாள். "அந்தப் படத்து முன்னாடி தாலிய வச்சுக் கும்பிட்டுத்தான் நான் கட்டிக்கணும். அவருக்கு இப்பவே தெரிய வேண்டாம்க்கா."

மேடையில் அந்த அம்மாவைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டுமே என்று பொற்கொடி சிபியின் அத்தை விசாலத்துக்குப் போன் செய்தாள்.

"அண்ணிக்குக் காபின்னா உசிரு. சர்க்கரைதான் போட்டுக்கிறதில்ல..." விசாலம் சட்டென்று நிறுத்தினாள். "அதாவது, அப்போ போட்டுக்க மாட்டாங்க."

அந்தத் திருத்தம் பொற்கொடியை உறுத்தியது. நினைவு நாள் என்றைக்கு என்று சிபியிடம் கேட்டாள். "தேதியெல்லாம் எதுக்குங்க?" என்றான் அவன். சந்தேகம் வலுத்தது. மறுபடி அத்தையிடம் கேட்டாள். "என்கிட்ட கேக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டாள் விசாலம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சிபியை நேராகவே கேட்டாள். "உங்க அம்மா உயிரோட இருக்காங்களா?"

அவன் முகம் இறுகியது. "தூத்துக்குடியில இருக்காங்க. வேற குடும்பம். என்னை ஸ்கூல் வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போனவங்க, திரும்பி வரல. எனக்கு அன்னிக்கே செத்துட்டாங்க. தர்ஷினிகிட்ட நீங்க சொல்லக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கீங்க."

"நான் சொல்லல. நீங்க சொல்லிடுங்க" என்றாள் பொற்கொடி. அவன் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று படம் நாற்காலியில் இருந்தது, மாலையை மட்டும் சிபி போடவில்லை. தர்ஷினி தாலித் தட்டோடு அதன் முன் குனிந்தாள். 'மறைந்த அம்மாவின் ஆசியோடு' என்று பொற்கொடி சொல்ல வேண்டிய இடம். அவள் அந்தச் சொல்லை மாற்றி, "இங்கே வராத அம்மாவின்..." என்றாள்.

தர்ஷினி நிமிர்ந்தாள். "வராதன்னா?"

சிபி தரையைப் பார்த்தான். விசாலம் கைப்பையில் எதையோ தேடினாள். தர்ஷினி அவனை மணமகள் அறைக்கு அழைத்துப் போனாள். அரை மணி கழித்து இருவரும் வந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. தர்ஷினி படத்தை எடுத்துவிடச் சொன்னாள். தாலி ஏறியது.

பந்தி முடிந்ததும் சண்டை. "நம்பிச் சொன்னத மேடையில உடைச்சிட்டீங்க" என்றான் சிபி. "நான் ஒருத்திதான் யாரையும் காட்டிக்கொடுக்கல" என்றாள் விசாலம். "நான் ரகசியத்தைச் சொல்லவே இல்லையே" என்றாள் பொற்கொடி.

கேட்டவர்களே, இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: பொற்கொடி செய்ததே சரி. அம்மாவை இறந்தவராக நினைக்கச் சிபிக்கு உரிமை உண்டு. தர்ஷினியையும் அப்படியே நம்ப வைக்க உரிமை இல்லை. விசாலமும் பேச்சை மாற்றிப் பொய்க்குத் துணை போனவள்தான். பொற்கொடி ரகசியம் காப்பதாகத்தான் வாக்குக் கொடுத்தாள்; பொய்யைத் தன் வாயால் சொல்வதாக அல்ல. ஆனால், இந்தச் சடங்கை நடத்த மாட்டேன் என்று மூன்று நாள் முன்பே சிபியிடம் மறுத்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணைத் திகைத்து நிற்க வைத்ததற்கு, அவள் தர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும்.